சலம் போகும் குளிசை: கிளினிக் ஜன்னலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பல வருடம் நின்றவன் நான். டொக்டரிடம் கேட்க மறந்ததையும் கேட்க வெட்கப்பட்டதையும் சனம் அந்த ஜன்னலில்தான் கேட்கும். பின்னால் வரிசை நீளும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யாராவது முணுமுணுப்பார்கள், நானும் அரைவாசிப் பதிலோடு அனுப்பிவிடுவேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். இதை வாசித்துவிட்டு நீங்களாகக் குளிசையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டால் போதும்.

எனக்கு இருப்பது பிரஷர். சலம் போகக் குளிசை எதற்கு?

உப்புக்காக. இந்தக் குளிசைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரே கொஞ்சம் பிழையானது. அது வெளியேற்றுவது உப்பை. உப்பு போகும்போது தண்ணீர் அதன் பின்னால் போகிறது.

நமது இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. சலமாக வெளியே வருவது ஒன்றரை, இரண்டு லீற்றர்தான். மிச்சமெல்லாம் உப்போடு சேர்ந்து திரும்ப இரத்தத்துக்கே போய்விடும். சிறுநீரகத்துக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களில் இந்த வேலை நடக்கிறது. அந்தக் குழாயில் ஏதோ ஓர் இடத்தில், உப்பு திரும்ப ஏறும் வாசலைக் குளிசை அடைத்துவிடுகிறது.

எவ்வளவு உப்புக்கு எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க, ஆஸ்பத்திரிக் கட்டில்களில் தொங்கும் சேலைனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு லீற்றர் சேலைனில் 9 கிராம் உப்பு இருக்கிறது. அப்படியானால் உடம்பு 9 கிராம் உப்பை மேலதிகமாகப் பிடித்துவைத்தால், ஒரு லீற்றர் தண்ணீரையும் பிடித்துவைத்திருக்கிறது என்று அர்த்தம். அதில் ஒரு பங்கு இரத்தக் குழாய்க்குள் நின்று பிரஷரைக் கூட்டும். அளவு மீறித் தேங்கினால் மிச்சம் சதைக்குள் இறங்கிக் காலில் வீக்கமாகத் தெரியும்.

முதல் இரண்டு கிழமை சலம் நிறையப் போனது. இப்போது பழையபடிதான். குளிசை வேலை செய்வதை நிறுத்திவிட்டதா?

இல்லை. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கரையில் அழுத்தம் குறையும் என்று வன்னியில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் அந்த உவமை பாதி வழிதான் வரும். பிரஷருக்குத் தரும் எச்.சி.ரி. போன்ற குளிசையைத் தொடர்ந்து போட்டுச் சில கிழமைகள் போனதும் உடம்பு ஒரு புதிய கணக்குக்கு வந்துவிடும். சலத்தின் அளவு பழைய நிலைக்குத் திரும்பும், இரத்தத்தின் அளவும் ஓரளவு திரும்பும். ஆனால் இரத்தக் குழாய்கள் தளர்ந்திருப்பதால் பிரஷர் கீழேயே நிற்கும். முழுப் பலன் தெரிய நாலு கிழமையாவது எடுக்கும். ஆகவே சலத்தை அளந்து இந்த மருந்தை மதிப்பிட வேண்டாம். பிரஷரை அளந்து பாருங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவும் சலக் குளிசைதான் போடுகிறா. எனது முடிந்துவிட்டது, அவவிடம் இரண்டு வாங்கிப் போடலாமா?

கூடாது. ஜன்னலில் நான் அதிகம் கோபப்பட்ட கேள்வி இதுதான். சலக் குளிசை என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அவை மூன்று வகை.

முதலாவது தயசைட் வகை. எச்.சி.ரி. என்று சுருக்கி எழுதும் ஹைட்ரோகுளோரோதயசைட், குளோர்தாலிடோன், இன்டபமைட் எல்லாம் இந்தக் குடும்பத்தோடு சேர்ந்தவை. குழாயின் கடைசிப் பகுதிக்குக் கிட்ட வேலை செய்வதால் இவை வெளியேற்றும் உப்பு குறைவு. ஆனால் நாள் முழுக்க நிதானமாக வேலை செய்யும். பிரஷருக்கு இதுதான் பொருத்தம்.

இரண்டாவது புருசமைட். லாசிக்ஸ் என்று சொன்னால் கூடுதல் பேருக்கு விளங்கும். உடம்பு திரும்ப எடுக்கும் உப்பில் ஏறக்குறைய கால் பங்கு ஏறும் இடத்தில் இது போய் அடைக்கிறது. குடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் தொடங்கி ஆறு மணித்தியாலத்தில் அடங்கிவிடும். இருதயம் பலவீனமாகி நெஞ்சில் நீர் தேங்கியவர்களுக்கும், கிட்னி வேலை நன்றாகக் குறைந்து வீங்கியவர்களுக்கும் இதைத் தருவார்கள். வெறும் பிரஷருக்கு இது முதல் மருந்து அல்ல, ஏனென்றால் அடங்கியதும் அடுத்த பதினெட்டு மணித்தியாலத்தில் சிறுநீரகம் விட்ட உப்பைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கும்.

மூன்றாவது ஸ்பைரோனோலக்டோன். சலம் போக்குவதில் இது மெதுவானது, ஆனால் மற்ற இரண்டும் இழக்கவைக்கும் பொட்டாசியத்தை இது உடம்பில் நிறுத்திவைக்கும். ஈரல் கெட்டு வயிறு ஊதியவர்களுக்குத் தொடங்குவது இதில்தான். இருதயம் கடுமையாகப் பலவீனமானவர்களுக்கு இது ஆயுளைக் கூட்டுகிறது என்பது 1999இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் தெரியவந்தது.

அக்காவுடையது எந்த வகை, உங்களுடையது எந்த வகை? தெரியாமல் மாற்றிப் போட்டால் உங்கள் பொட்டாசியம் எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. முடிந்துவிட்டால் கிளினிக் கொப்பியைக் கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும்: கொம்பனி மாறினால் குளிசையின் நிறமும் அளவும் மாறும். 2022 மருந்துத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு இதனால் குழம்பியவர்கள் ஏராளம். நிறத்தை நம்பாமல் பையில் எழுதிய பெயரைப் பாருங்கள்.

இது மலிவான பழைய மருந்து. அதனால்தான் இலவச ஆஸ்பத்திரியில் தருகிறார்களோ?

பழையது, மலிவு, இரண்டும் உண்மை. ஆனால் இதற்கு முன்னால் இருந்ததைக் கேட்டால் பயந்துபோவீர்கள். முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு வியன்னாவில், பாலியல் நோய் ஒன்றுக்குப் பாதரசம் கலந்த ஊசி போட்ட நோயாளிக்கு லீற்றர் கணக்கில் சலம் போனதை ஒரு மருத்துவ மாணவர் கவனித்தார். அதற்குப் பிறகு நாற்பது வருடம்வரை நீர் வீக்கத்துக்குப் பாதரச ஊசிதான் கதி! வாயால் குடிக்கக்கூடிய முதல் தயசைட் 1958இல்தான் கடைக்கு வந்தது.

அறுபது வயதைத் தாண்டி மேல் பிரஷர் மட்டும் கூடியிருந்த 4,700க்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, குளோர்தாலிடோனைச் சிறிய அளவில் முதல் மருந்தாகத் தொடங்கிக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1991இல் வந்தது. மற்றப் பாதியைவிட இவர்களுக்குப் பக்கவாதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. விலையை வைத்து மருந்தை எடைபோடுவது நமது பழக்கம். பிரஷருக்கு அந்தப் பழக்கம் தெரியாது.

எத்தனை மணிக்குப் போடவேண்டும்?

காலையில். புருசமைட் இரண்டு நேரம் எழுதியிருந்தால் இரண்டாவதைப் பின்னேரம் இரண்டு மணியளவில் முடித்துவிடுங்கள். இரவில் போட்டால் சாமத்தில் எழும்பிக் கிணற்றடி தாண்டி மலசலகூடத்துக்கு நடக்கவேண்டும். வயதானவர்கள் இருட்டில் விழுந்து இடுப்பெலும்பை முறிப்பதும், பாம்பை மிதிப்பதும் இந்த நடையில்தான். காலையில் மறந்துவிட்டால் மத்தியானம் போடலாம். இரவில்தான் ஞாபகம் வந்தது என்றால் விட்டுவிடுங்கள், அடுத்த நாள் இரண்டாகப் போடவேண்டாம்.

குளிசை போடுகிறேன்தானே, கருவாடு சாப்பிடலாமா?

முல்லைத்தீவுக் கரையில் இருந்துகொண்டு கருவாட்டைத் தொடாதே என்று சொல்ல எனக்கும் வாய் வராது. ஆனால் கணக்கைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் உப்பு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. அது குழம்பிலும் சம்பலிலும் சோற்றுக்குப் போடும் உப்பிலும் மத்தியானத்துக்குள்ளேயே முடிந்துவிடும். அதற்கு மேல் வரும் கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், மிக்சர், நூடில்ஸ் பக்கெற்றில் இருக்கும் தூள், எல்லாமே கடன் கணக்கு.

காலையில் ஒரு வாசலால் உப்பை வெளியே அனுப்பிவிட்டு, இரவு கருவாட்டுக் குழம்பால் அதே உப்பை உள்ளே எடுத்தால் குளிசை தோற்றுப்போகும். டொக்டர் அளவைக் கூட்டுவார். அளவு கூடினால் உப்போடு பொட்டாசியமும் கூடப் போகும், கால் கெண்டை பிடித்து இழுக்கும், நீங்கள் மருந்தைத் திட்டுவீர்கள். கருவாட்டைச் சுடுநீரில் ஊறவைத்துத் தண்ணீரை இரண்டுதரம் வடித்துக் கொட்டினால் உப்பு கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. மாதத்தில் ஒருநாள் ஆசைக்குச் சாப்பிடுவதை நான் கணக்கெடுக்க மாட்டேன். நெஞ்சில் நீர் தேங்கி ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவருக்கு மட்டும் அந்த ஒருநாளும் ஆபத்து.

கால் வீங்கியிருக்கிறது. பாமசியில் லாசிக்ஸ் வாங்கிப் போட்டும் வற்றவில்லை, ஏன்?

எல்லா வீக்கமும் உப்பு பிடித்த வீக்கம் அல்ல. பிரஷருக்கு அம்லோடிபின் போடுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். அந்த மருந்து காலில் உள்ள நுண்ணிய குழாய்களை விரிப்பதால் நீர் கசிந்து கணுக்கால் வீங்கும். உடம்பில் உப்பு கூடவில்லை, ஆகவே சலக் குளிசை பெரிதாக உதவாது. ஒரு மருந்தால் வந்த வீக்கத்துக்கு இன்னொரு மருந்து, அதனால் வந்த தலைச்சுற்றுக்கு மூன்றாவது மருந்து என்று பையை நிரப்பியவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்று டொக்டர்தான் சொல்லவேண்டும். அதுவரை அம்லோடிபினை நீங்களாக நிறுத்தவேண்டாம்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி நொந்தால் அது வேறு கதை. இரத்தக் குழாய்க்குள் இரத்தம் கட்டியிருக்கலாம், கிருமி பரவியிருக்கலாம். அன்றைக்கே காட்டவேண்டும். போரில் காயப்பட்ட கால், உள்ளே ஷெல் துண்டு இருக்கும் கால், பல வருடமாகப் பின்னேரத்தில் கனத்து வீங்குவதுண்டு. அங்கே நீரைத் திரும்பக் கொண்டுபோகும் பாதையே கெட்டுப்போயிருக்கிறது. படுக்கும்போது காலை உயர்த்தி வைப்பதும், டொக்டர் சம்மதித்தால் இறுக்கமான காலுறை போடுவதும் உதவும், லாசிக்ஸ் உதவாது. கர்ப்பிணிக்கு முகமும் கையும் வீங்கினால் பாமசிப் பக்கமே போகாமல் மிட்வைப் மிஸ்ஸிடம் காட்டி அன்றே பிரஷரைப் பார்க்கவேண்டும்.

விரலால் அமத்தினால் குழி விழும் வீக்கம் இரண்டு காலிலும் இருந்து, படுத்தால் மூச்சு முட்டி, இரண்டு மூன்று தலையணை தேவைப்பட்டால் அது இருதயத்தின் அடையாளம். சாமத்தில் மூச்சுத்திணறி எழும்பி உட்கார்ந்தால் விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

வீட்டில் எப்படிக் கண்காணிப்பது?

நீர் வீக்கத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்குத் தராசுதான் நல்ல கருவி. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. காலையில் சலம் போய்விட்டு, தேத்தண்ணிக்கு முன், ஒரே மாதிரி உடுப்போடு நிறுத்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ ஏறினால் அது சோறு இல்லை, தண்ணீர். கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காமல் காட்டுங்கள். வெறும் பிரஷருக்குப் போடுபவர்களுக்கு இந்தத் தொல்லை தேவையில்லை.

பிரஷர்க் குளிசை போட்டால் கிட்னி பழுதாகும் என்கிறார்களே?

வன்னியில் இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1990களில் வடமத்திய மாகாண விவசாயிகளிடம் தெரியவந்த, காரணம் பிடிபடாத கிட்னி வருத்தம் வவுனியாப் பக்கமும் உண்டு. அதன் ஆரம்பத்தில் பிரஷரும் இருக்காது, வீக்கமும் இருக்காது. பிந்திக் கண்டுபிடிக்கும்போது ஆள் குளிசையும் கையுமாக இருப்பார், பழி குளிசையில் விழும். கட்டுப்படாத பிரஷர்தான் கிட்னியைத் தின்னும்.

ஆனால் ஒரு சேர்க்கைக்கு நீங்கள் உண்மையிலேயே பயப்படவேண்டும். சலக் குளிசை, அதோடு பிரஷருக்குத் தரும் லொசார்ட்டன் அல்லது எனலப்ரில், அதற்கு மேல் வயல் வேலை முடித்த நாரி நோவுக்குப் பாமசியில் வாங்கும் டைக்ளோபினாக் அல்லது இபுபுரோபன். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால், அதுவும் வெயிலில் உடம்பு வற்றிய நேரத்தில், சில நாட்களிலேயே கிட்னி படுத்துவிடலாம். நோவுக் குளிசை தனியாகவே உப்பைப் பிடித்து பிரஷரைக் கூட்டும். நோவுக்குப் பரசிட்டமோல் போடுங்கள். பாமசியில் எதை வாங்கினாலும் முதலில் கொப்பியைக் காட்டுங்கள். இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிட்னியின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் எல்லாம் பார்க்க எழுதித் தந்தால் அதைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளவேண்டாம்.

இளநீர் குடித்தால் நல்லதா?

எந்தக் குளிசை என்பதைப் பொறுத்தது. எச்.சி.ரி.யும் லாசிக்ஸும் பொட்டாசியத்தை இறக்கும். சோர்வு, கால் இழுப்பு, நெஞ்சு படபடப்பு வரும். கிட்னி நன்றாக இருந்தால் இவர்களுக்கு இளநீரும் வாழைப்பழமும் நல்ல சாப்பாடு. ஸ்பைரோனோலக்டோன் அல்லது லொசார்ட்டன் போடுபவருக்கும், கிட்னி வருத்தக்காரருக்கும் அதே இளநீர் ஆபத்தாகலாம். ஒரு தம்ளரில் ஒரு வாழைப்பழத்துக்குக் குறையாத பொட்டாசியம் இருக்கிறது. அது இரத்தத்தில் அளவு மீறினால் இருதயம் முன்னறிவிப்பில்லாமல் நின்றுவிடலாம். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதிலும் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம்தான் கலந்திருக்கிறது. இவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

சிறுபோக வெயிலில் வயலில் நிற்கிறேன். தண்ணீரைக் குறைக்கவேண்டுமா?

பிரஷருக்கு மட்டும் போடுபவர் தாகத்துக்குக் குடிக்கலாம், குறைக்கத் தேவையில்லை. இருதய வருத்தக்காரருக்கு டொக்டர் ஓர் அளவு சொல்லியிருந்தால் அதுதான் அளவு. குனிந்து நிமிரும்போது கண் இருட்டினால் வரம்பில் உட்கார்ந்துவிடுங்கள், அடிக்கடி நடந்தால் சொல்லுங்கள்.

வயிற்றோட்டம், சத்தி, கடும் காய்ச்சல் வந்து சாப்பிடக் குடிக்க முடியாத நாட்களில் சலக் குளிசை உடம்பை இன்னும் வற்றவைக்கும். அந்த நாட்களில் அதை நிறுத்திவைக்கச் சொல்வதுண்டு. எத்தனை நாள், எப்போது திரும்பத் தொடங்குவது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வயலில் நின்றவருக்குக் காய்ச்சலோடு சலம் குறைந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சலம் போகட்டும் என்று லாசிக்ஸைக் கொடுத்துப் பார்ப்பது மிகப் பெரிய பிழை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயதானவர் திடீரென்று தடுமாறிக் கதைத்தால் சோடியம் இறங்கியிருக்கலாம், அதுவும் அவசரம்தான்.

கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம். நோன்பு பிடிப்பவர்கள் என்ன செய்வது?

பால், பழம், தண்ணீர் எடுக்கும் விரதம் என்றால் அநேகமாகப் பிரச்சினை இல்லை. தண்ணீரே எடுக்காத விரதத்தோடு லாசிக்ஸ் ஒத்துவராது. நோன்புக் காலத்தில் எச்.சி.ரி. போன்றதை நோன்பு திறந்தபின் எடுக்கும்படி மாற்றித் தருவார்கள். ஒரு மாதத்துக்கு முன்னமே கேளுங்கள். இருதயமும் கிட்னியும் பழுதானவரை எந்தச் சமயமும் வற்புறுத்தவில்லை.

ஆம்பிளைகள் மெதுவாகக் கேட்பது?

ஆம், தயசைட் சிலருக்கு உறவில் பலவீனத்தைத் தரலாம். ஸ்பைரோனோலக்டோன் சிலருக்கு மார்பை நோகவைத்துப் பெருப்பிக்கும். இரண்டுக்கும் மாற்று மருந்து உண்டு. சொல்லாமல் குளிசையை நிறுத்திவிட்டு பக்கவாதத்தோடு வருபவர்களைவிட, சொல்லி மாற்றிக்கொள்பவர் கெட்டிக்காரர்.

பெருவிரல் வீங்கி நோகிறது, சீனியும் கொஞ்சம் ஏறிவிட்டது. இதற்கும் குளிசைதான் காரணமா?

இருக்கலாம். தயசைட்டும் லாசிக்ஸும் இரத்தத்தில் யூரிக் அமிலத்தைக் கூட்டும், அது மூட்டில் படிந்தால்தான் பெருவிரல் இப்படி வீங்கி நோகும். கள்ளும் பியரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சீனியில் வரும் மாற்றம் சிறிய அளவில் போடும்போது அற்பம்தான்.

நெருஞ்சில், சாரணை, நீர்முள்ளி அவித்துக் குடிக்கலாமா?

நமது சித்த வைத்தியத்தில் சலம் போக இவற்றைக் கொடுப்பது பழைய வழக்கம், நான் அதைப் பகிடி பண்ண மாட்டேன். ஆனால் குளிசைக்கு மேல் கஷாயம் என்றால் இரண்டு வைத்தியர்களுக்கும் மற்றது தெரிந்திருக்கவேண்டும். கிட்னி வருத்தக்காரர் குடிக்கவே வேண்டாம்.

கிளினிக் போகும் நாளில் குளிசையை விடலாமா? பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் இருக்கவேண்டும்.

விடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒட்டுசுட்டானிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ விடியற்காலை பஸ் ஏறுபவர் லாசிக்ஸைப் போட்டுவிட்டு வரமுடியாது. வரிசையில் இடத்தை விட்டு எழும்பவும் முடியாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லாசிக்ஸை வீட்டுக்குத் திரும்பியபின் மத்தியானம் போடலாமா என்று டொக்டரிடம் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார். எச்.சி.ரி. அவ்வளவு அவசரப்படுத்தாது, அதையும் மற்றப் பிரஷர்க் குளிசைகளையும் வழக்கம்போலப் போட்டுவிட்டே வாருங்கள்.

ஓர் ஐயா மாதாமாதம் கிளினிக் நாளில் மட்டும் எல்லாக் குளிசையையும் விட்டுவிட்டு வருவார். அங்கே பிரஷர் 170 காட்டும், அளவு கூடும். வீட்டில் கூடிய அளவை ஒழுங்காகப் போடுவார். நாலாவது மாதம் கிணற்றுக் கட்டில் தலைசுற்றி விழுந்து நெற்றி உடைந்தது. மூன்று மாதமும் கூட்டிய மருந்தை எண்ணிக் கொடுத்தது நான்தான், ஒரு தடவையும் நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஜன்னலில் வரும் ஒவ்வொருவரிடமும், "இன்றைக்குக் காலையில் குளிசை போட்டனீங்களோ?" என்று கேட்கத் தொடங்கினேன். உள்ளே யாரும் உங்களிடம் கேட்காவிட்டால், கையில் பட்டி சுற்ற முன்னமே நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.